காசநோயை எதிர்த்த கால்மெட்

நம்மில் நிறையப் பேருக்கு இடது கையின் மேல்பக்கம் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். குழந்தையா இருக்கும்போது பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் அது. அதில் ‘பி’ என்றால் கிருமி. ‘சி’ என்றால் கால்மெட். ‘ஜி’ என்றால் அவருடைய நண்பர் கெரன்.

ஆல்பர்ட் கால்மெட் 1863-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் நீஸ் நகரில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். வியட்நாமில் வேலை பார்த்தபோது நல்லபாம்பு கடித்து ஜனங்கள் சாவதைப் பார்த்தார். 1890-களில் பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசி மருந்து கண்டுபிடித்தார்.

அப்புறம் லில் நகரத்தில் காசநோயை ஆராய்ந்தார். கெரன் மாட்டு டாக்டர். 1908-ல் ரெண்டு பேரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கு, கிளிசரின், பித்தநீர் சேர்த்து வளர்த்தார்கள். மூணு வாரத்துக்கு ஒரு தடவை புதுசா மாற்றி வளர்த்தார்கள். நடுவில் முதல் உலகப்போர் வந்தது. அப்பவும் விடவில்லை. 13 வருஷம், 230 தடவை! கடைசியில் கிருமி வீரியம் இழந்து சாதுவாகிவிட்டது.

சாதுக் கிருமி எப்படிக் காப்பாற்றும்? அதன் மேலுறையில் இருக்கிற புரதங்கள் பல, கெட்ட கிருமியிலும் அப்படியே இருக்கு. திருடன் போட்ட சட்டையை நல்லவனும் போட்ட மாதிரி. நம் உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் வச்சுக்கிட்டு, நிஜத் திருடன் வந்தா எதிர்க்கும்.

1921-ல் பாரிசில் ஒரு குழந்தைக்கு முதன்முதலா இந்த மருந்தைக் கொடுத்தார்கள். அதன் அம்மா காசநோயால் இறந்தவர். குழந்தை நல்லா இருந்தது.

ஆனால் 1930-ல் ஜெர்மனியில் லூபெக் ஊரில் மருந்து கொடுத்த குழந்தைகளில் 70-க்கும் மேல் இறந்துபோனார்கள். எல்லாரும் கால்மெட்டைக் குற்றம் சொன்னார்கள். விசாரித்தபோது, அந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் கெட்ட கிருமி மருந்தோடு கலந்துபோனது தெரிந்தது. 1932-ல் தீர்ப்பு வந்தது. மருந்து மேல் தப்பில்லை. ஆனாலும் மனம் நொந்த கால்மெட் 1933-ல் காலமானார்.

நம் சென்னை கிண்டியில் 1948-ல் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் வந்தது. இந்த ஊசி குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து நல்லா காக்கும். பெரியவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை என்று செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய ஆய்வில் தெரிந்தது. அதனால் தழும்பு இருக்குன்னு சும்மா இருக்கக்கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளி சோதனை செய்ய வேண்டும். வீட்டில் தாத்தா, பாட்டியிடமும் சொல்லுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, மேலநீலிதநல்லூர்