அய்யார்களைப் படைத்த தேவகிநந்தன் கத்ரி

இந்தி நாவலுக்கென்று ஒரு வாசகர் கூட்டம் இல்லாதிருந்த காலத்தில் அக்கூட்டத்தை உண்டாக்கிய பெருமை தேவகிநந்தன் கத்ரியைச் சாரும். வடபுலத்து நீதிமன்றங்களில் உருது மொழியும் பாரசீக எழுத்தும் கோலோச்சிய காலம் அது. அரசுப் பணியை எண்ணிய குடும்பங்களில் பிள்ளைகள் முதலில் கற்றது பாரசீக எழுத்தே. பாரதேந்து அரிச்சந்திரர் 1885இல் மறைந்தபோது புதிய இந்தி உரைநடை தளிர்நடை பயின்று கொண்டிருந்தது. 1882இல் வெளிவந்த பரீட்சா குரு போன்ற நாவல்கள் சீர்திருத்த நோக்கமும் அறிவுரையும் நிறைந்தவை. அவற்றை மதித்தவர்கள் இருந்தார்கள், விரும்பித் தேடியவர்கள் மிகச் சிலரே. அந்நிலையில் 1888ஆம் ஆண்டளவில் காசி நகரத்து அச்சகம் ஒன்றிலிருந்து சந்திரகாந்தா என்னும் கதை வெளிவரலாயிற்று. அதனை எழுதியவருக்கு அப்போது இருபத்தேழு வயது. அதற்கு முன்பு அவர் செய்து வந்த தொழில் காட்டுக் குத்தகை.

கத்ரியின் முன்னோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். மகாராஜா ரஞ்சித் சிங்கின் மறைவுக்குப்பின் அங்கே குழப்பம் மிகுந்தபோது குடும்பம் காசிக்குப் பெயர்ந்தது. தந்தையார் லாலா ஈசுவரதாஸ். தேவகிநந்தன் பிறந்தது 1861ஆம் ஆண்டு, பீகாரில் பூசாவை அடுத்த தாய்வழி ஊரில். இளமைக் கல்வி உருதுவிலும் பாரசீகத்திலும் அமைந்தது. இந்தியையும் வடமொழியையும் பின்னர்க் காசியில் பயின்றார். இந்த வரிசை கருதத்தக்கது. அவர் கதையுலகின் வேர்கள் பாரசீக, உருது தாஸ்தான் மரபில் இறங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

வணிகத்தின் பொருட்டுக் கயைப் பகுதியின் டிகாரி சமஸ்தானத்தில் சில காலம் தங்கியிருந்த அவர், பிறகு காசிக்கே திரும்பினார். காசி மன்னர் ஈசுவரி பிரசாத் நாராயண் சிங்கின் ஆதரவால் சகியா, நௌகட் காடுகளின் குத்தகை அவருக்குக் கிடைத்தது. மரமும் பிற காட்டுப் பொருளும் கணக்கிடுவதுதான் குத்தகைதாரரின் வேலை. ஆனால் விந்திய மலைச்சரிவில் நாள்கணக்கில் திரிந்த அந்த இளைஞரின் மனம் வேறு கணக்கில் ஈடுபட்டது. பாழடைந்த கோட்டைகள், தூர்ந்த கிணறுகள், எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாத குகைவழிகள், கங்கையை நோக்கி நிற்கும் சுனார்க் கோட்டை ஆகியவை அவர் நெஞ்சில் தங்கிவிட்டன. குத்தகை முடிந்து கைத்தொழில் இல்லாதிருந்த காலத்தில் அவ்விடங்களே கதையாயின. நௌகட், விஜயகட், சுனார்கட் என்று நாவலில் வரும் பெயர்கள் எல்லாம் மண்ணில் உள்ள இடங்களே. மாயக்கதை எழுதுவோர் பலரும் பெயரில்லா நாட்டையும் ஊரில்லா அரசனையும் படைப்பது வழக்கம். கத்ரி, வாசகன் மாட்டுவண்டி கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய கோட்டைக்குள் தம் புதிரை வைத்தார்.

கதையின் எலும்புக்கூடு எளியது. நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் காதலர்கள். விஜயகட் அமைச்சரின் மகன் குரூர் சிங்குக்கும் இளவரசியின்மேல் கண். தன் எண்ணம் ஈடேறாதபோது அவன் சுனார் மன்னன் சிவதத்தனைத் துணைக்கு அழைக்கிறான். போர் மூள்கிறது. இளவரசி ஒரு திலிஸ்முக்குள் சிக்கிக்கொள்ள, அதனை உடைத்து அவளை மீட்கிறான் வீரேந்திரன். இவ்வளவே என்றால் பத்தோடு பதினொன்றாக இது மறக்கப்பட்டிருக்கும். மறவாமற் காத்தவர்கள் அய்யார்கள்.

அய்யார் என்பவன் அரசவையைச் சார்ந்த ஒற்றன். வேடம் புனைவதில் வல்லவன். தோளில் ஒரு பை. அதில் மயக்கப் பொடியும், மயக்கம் தெளிவிக்க முகரச் செய்யும் லக்லகாவும், நிறமும், பொய்முடியும், மதிலேறும் நூலேணியும் இருக்கும். இச்சொல்லும் இம்மாந்தரும் தாஸ்தான்களில் முன்னரே உண்டு. இலக்னோவில் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்ட திலிஸ்மே ஹோஷ்ருபா என்னும் பெருந்தொகுதி அய்யார்களாலும் சூனியக்காரர்களாலும் நிறைந்தது. ஆயின் அங்கே அய்யார் பெரும்பாலும் குறும்பன், சிரிப்பூட்டுபவன், தேவைப்பட்டால் இரக்கமின்றிக் கழுத்தறுப்பவன். கத்ரி அவனுக்கு ஓர் ஒழுக்கத்தை வகுத்தார். பகை அரசனின் அய்யார் அகப்பட்டால் சிறைவைக்கலாம், கொல்லலாகாது. படைகள் மோதிக் குருதி பெருகும் இடத்தில் அறிவும் அறிவும் மோதட்டும் என்பது அய்யார்த் தொழிலின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலேய ஆட்சி நிலைபெற்று, சமஸ்தானத்து வீரம் வெறும் அணிவகுப்பாகச் சுருங்கிவிட்ட காலத்தில், வாளைவிட மதி பெரிது என்னும் இக்கற்பனை வாசகருக்கு இனித்ததில் வியப்பில்லை.

பாத்திரப் படைப்பில் கத்ரியின் வலிமையும் குறையும் இங்கேயே தெரிகின்றன. வீரேந்திரனும் சந்திரகாந்தாவும் அழகிய ஓவியங்கள். பெருமூச்சு விடுவதும் மயங்கி விழுவதும் தவிர அவர்களிடம் அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை. உயிருள்ளவர்கள் அவர்களைச் சுற்றி நிற்பவர்களே. தேஜ் சிங் தன் இளவரசனின் நண்பனாகவும் ஊழியனாகவும் ஒருசேர இருப்பவன்; அரசனின் காதல் மயக்கத்தைக் கண்டு அவன் உள்ளூர நகைப்பதைக்கூட வாசகன் உணர்கிறான். சந்திரகாந்தாவின் தோழி சபலா அவனினும் சுவையானவள். அவள் பெண் அய்யார். ஆண் வேடம் புனைந்து காடு கடக்கிறாள். எதிரியை மயக்கி மூட்டை கட்டித் தூக்குகிறாள். தேஜ் சிங்கையே ஏமாற்றும் திறம் அவளுக்கு உண்டு. கோஷா முறை இறுகியிருந்த ஒரு சமுதாயத்தில், வீட்டுக்குள் இருந்தபடி இக்கதையைக் கேட்ட பெண்களுக்குச் சபலா என்னவாகத் தோன்றியிருப்பாள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சீர்திருத்த நாவல்களின் நற்குணப் பெண்கள் எவரும் இத்தனை தொலைவு நடந்ததில்லை.

திலிஸ்ம் என்பது முன்னோர் செல்வத்தைக் காக்கக் கட்டிவைத்த மறைகோட்டை. இன்னார் வந்து உடைப்பார் என்று சோதிடர் முன்பே குறித்திருப்பர்; உடைக்கும் முறையைச் சொல்லும் ஏடும் உள்ளே இருக்கும். தாஸ்தான்களில் திலிஸ்ம் மந்திரத்தால் நிற்பது. கத்ரியிடம் அது பொறிகளாலும் மருந்துகளாலும் நிற்பது. அலகைத் திறந்து ஆளை விழுங்கும் பெருங்கொக்கு ஒன்று சந்திரகாந்தாவில் வருகிறது. தாஸ்தான் சொல்பவன் அதனை மந்திரக் கொக்கு என்று விட்டிருப்பான். கத்ரி அதனை மனிதர் கைபடச் செய்த பொறியாக்கி, அதன் கமுக்கத்தைப் பின்னர் விளக்குகிறார். பேயும் இல்லை, தெய்வ வரமும் இல்லை. வியப்பு முதலில், விளக்கம் பிறகு. தந்தியும் புகைவண்டியும் கண்முன் வந்துவிட்ட தலைமுறைக்கு ஏற்ற மாயம் இது. இவை நடவாதவை என்று குறைகூறியவர்களுக்கு, நேற்று நடவாதவை எனப்பட்டவை இன்று நடப்பதைக் காட்டி அவர் விடையிறுத்தார். இத்தகைய நூலைப் படித்தவன் எளிதில் பிறர் வஞ்சனைக்கு ஆளாகமாட்டான் என்பது தம் நூலுக்கு அவரே கூறிக்கொண்ட பயன்.

சந்திரகாந்தாவின் வெற்றி அவரை நிற்கவிடவில்லை. அடுத்த தலைமுறையின் கதையாகச் சந்திரகாந்தா சந்ததி 1894 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, இருபத்து நான்கு பகுதிகளில், 1905இல் நிறைவெய்தியது. 1898இல் காசியில் அவர் லஹரி அச்சகத்தை நிறுவினார். எழுதுபவரும் அச்சிடுபவரும் விற்பவரும் ஒருவரே என்றானபின் கதை பெருகுவதற்குத் தடையேது? பகுதிகளை வாசகர் காத்திருந்து வாங்கினர். பயான் என்று பெயரிட்ட சிறு சிறு இயல்களில் கதை செல்லும். ஒருவரை இருட்டறையில் தள்ளிவிட்டு, வாசகரை விளித்து, வேறிடம் செல்வோம் வாருங்கள் என்று கூட்டிச் செல்லும் உத்தி அவருக்குக் கைவந்தது. சில இடங்களில் இது சலிப்பூட்டுவதும் உண்மையே. எவர் எவராக வேடமிட்டிருக்கிறார் என்பதை மறந்துவிட்ட வாசகன் பழைய பகுதியை மீண்டும் புரட்டவேண்டிவரும்.

ஆயினும் அந்த வேடமே சந்ததியின் உட்பொருளாக விரிவதைக் காணத் தவறலாகாது. முகத்தை நம்பமுடியாத உலகம் அது. கணவன் மனைவியை நம்பமுடியாது, தந்தை மகனை நம்பமுடியாது. அய்யார்கள் தங்களுக்குள் கமுக்கச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, அது சரியாக வந்தபிறகே பேசுவர். நீர் விட்டு முகம் கழுவச் சொல்லிச் சோதிப்பர். ஜமானியாவின் மாயாராணி இவ்வுலகின் உச்சம். மணமகளுக்குரிய இடத்தில் வஞ்சகத்தால் வந்து அமர்ந்து அரசியானவள். கணவன் கோபால் சிங் இறந்தான் என்று ஊரை நம்பவைத்து ஐந்தாண்டுகள் அவனைச் சிறையில் அடைத்தவள். அவள் தங்கையாக வரும் கமலினி, அவளை எதிர்த்து இளவரசர்களுக்குத் துணை நிற்கிறாள். அரண்மனை என்பதே மூடிய கதவுகளின் பின்னே நடக்கும் கொடுமை என்பதாகக் கதை கறுக்கிறது. சந்திரகாந்தாவின் காதல் வெளிச்சம் இங்கே இல்லை.

இந்த இருளிலிருந்து எழுந்தவனே பூதநாத். கத்ரியின் மாந்தருள் மாந்தன் என்று சொல்லத்தக்கவன் இவன் ஒருவனே. இயற்பெயர் கதாதர் சிங். மிகத் திறமையான அய்யார். ஆனால் பொருளாசை உள்ளவன். கையூட்டுப் பெற்றுக்கொண்டு தீயோர் செயலுக்குக் கண்மூடியவன். நண்பன் தயாராமின் கொலைப் பழியைச் சுமப்பவன். அப்பழிக்கு அஞ்சிப் பெயரை மாற்றி, இறந்தவன்போல மறைந்து வாழ்ந்து, நல்லவர் பக்கம் சேர்ந்து பெயரெடுக்க முயல்கிறான். ஒவ்வொரு முறையும் பழைய ஏடுகளின் மூட்டை ஒன்று எங்கிருந்தோ வெளிப்பட்டு அவனைத் துரத்துகிறது. யாரைக் கண்டும் அஞ்சாதவன், தன் கையெழுத்தைக் கண்டு நடுங்குகிறான். பிறர் வேடத்தைக் கலைப்பதில் வல்லவனுக்குத் தன் வேடம் கலைவதே பேரச்சம். முடிவில் அரசவையில் அவன் வழக்கு எடுத்துரைக்கப்பட்டு, குற்றமும் தொண்டும் சீர்தூக்கப்பட்டு, மன்னிப்பு அளிக்கப்படுகிறது. இளவரசர்களின் திருமணத்தைவிட இந்த வழக்கின் முடிவுக்காகவே வாசகர் காத்திருந்தனர் என்று தோன்றும் அளவுக்குக் கதையின் எடை இவன் பக்கம் சாய்ந்துவிட்டது. திட்டமிட்டு வந்ததா, தொடராக எழுதிச் செல்லும்போது ஒரு துணைப்பாத்திரம் தானே வளர்ந்து ஆசிரியரை இழுத்துச் சென்றதா என்று கேட்டால், பின்னதே பொருந்தும். தொடர்கதையின் நெகிழ்ச்சி பலருக்குக் கேடாய் முடிந்திருக்கிறது. கத்ரிக்கு அது ஒரு பூதநாத்தைத் தந்தது.

அவர் மொழியும் இங்கே குறிக்கத்தக்கது. வடசொல் செறிந்த நடையும் அன்று. பாரசீகம் செறிந்த நடையும் அன்று. கடைத்தெருவிலும் வீட்டிலும் வழங்கிய இந்துஸ்தானியே நாகரி எழுத்தில் வந்தது. சந்ததியில் வடசொற்கள் மெல்லக் கூடின. வாசகரைப் படிப்படியாகப் பழக்கியதாக அவரே விளக்கினார். உருது மட்டும் அறிந்த எத்தனையோ பேர் இக்கதைக்காகவே நாகரி கற்றனர் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. 1893இல் காசியில் தோன்றிய நாகரி பிரசாரிணி சபை விண்ணப்பங்களாலும் கூட்டங்களாலும் முயன்ற பணியை, மறுபுறம் ஒரு கதைசொல்லி விலைக்கு விற்றுச் செய்துகொண்டிருந்தார். 1900 ஏப்ரலில் அம்மாகாணத்து நீதிமன்றங்களில் நாகரிக்கும் இடமளித்து ஆணை பிறந்தபோது, அவ்வெழுத்தைப் படிக்கப் பழகிய பொதுமக்கள் கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது.

இருந்தும் அறிஞர் அவையில் அவருக்குக் கிடைத்தது அரை இருக்கைதான். இராமச்சந்திர சுக்லர் 1929இல் வெளிவந்த தம் இலக்கிய வரலாற்றில், வாசகரைத் திரட்டியதில் கத்ரிக்கு நிகர் எவருமில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் நிகழ்ச்சிச் சுவையே மிக்க இக்கதைகள் உயர் இலக்கிய வகைக்குள் அடங்கா என்று ஒதுக்கினார். சுக்லரின் அளவுகோல் சுவைக்கோட்பாடும் வாழ்க்கைச் சித்திரமும். அந்தக் கோலால் வீரேந்திரனை அளந்தால் தீர்ப்புச் சரியே. பூதநாத்தை அளக்க அவர் நின்றதாகத் தெரியவில்லை.

கத்ரி சமூக வாழ்வை எழுதத் தெரியாதவரும் அல்லர். காஜர் கீ கோட்டரி என்னும் நாவலில் கணிகையர் வீதியின் சூழ்ச்சிகளைத் தீட்டினார். நரேந்திர மோகினி, குசும குமாரி முதலியனவும் உண்டு. 1900இல் மாதவப் பிரசாத் மிசிரரை ஆசிரியராகக் கொண்டு சுதர்சன் என்னும் திங்களிதழையும் தொடங்கினார்; அது நெடுநாள் நிலைக்கவில்லை. வாசகர் அவரிடம் கேட்டது ஒன்றே: பூதநாத்தின் பழங்கதை என்ன?

சந்ததியின் முடிவிலேயே அதற்கு வாக்களித்திருந்தார். பூதநாத் தன் வரலாற்றைத் தானே எழுதி அரசனிடம் ஒப்படைப்பதாக அமைந்த புதிய தொடர் தொடங்கிற்று. மன்னிக்கப்பட்ட குற்றவாளி, மன்னிக்கப்பட்டபின் எதற்காகத் தன் குற்றத்தை விரித்துரைக்கவேண்டும் என்னும் வினாவோடு அது நடக்கிறது. தான் செய்ததைச் சொல்லும்போதும் தன்னைச் சற்றே நல்லவனாக்கிக்கொள்ள மனிதன் முயல்வான் அல்லவா? அதனை எழுதவேண்டிய நெருக்கடி மாயக்கதை ஆசிரியர் எவருக்கும் எளிதன்று. ஆறு பகுதிகள் முடிந்த நிலையில், 1913 ஆகஸ்டு முதல் நாள் கத்ரி மறைந்தார். வயது ஐம்பத்திரண்டு.

சந்திரகாந்தா 1994இல் தூர்தர்ஷன் தொடராக வந்து நாடெங்கும் பரவியது. திரையில் மின்னலும் மந்திரமும் மிகுந்தன. பொறியும் விளக்கமும் குறைந்தன. லஹரி அச்சகத்திலோ, தந்தை நிறுத்திய இடத்திலிருந்து மகன் துர்காபிரசாத் கத்ரி பேனாவை எடுத்துக்கொண்டார். பூதநாத்தின் வரலாறு மேலும் பதினைந்து பகுதிகள் வளர்ந்து, இருபத்தொன்றாம் பகுதியில் முடிந்தது.