லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) பிரித்தானியக் கிழக்கிந்திய நிறுவனத்தின் சென்னைப் படையில் பணியாற்றிய அதிகாரியும், தொடக்ககால ஒளிப்படக் கலைஞரும் ஆவார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856ஆம் ஆண்டு நியமிக்கப்பட்ட இவர், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் கோட்டைகளையும் 1857–58இல் படமெடுத்தார். தமிழகக் கட்டடக்கலை பற்றி ஒளிப்படம் மூலம் செய்யப்பட்ட முதல் விரிவான ஆவணங்களுள் இவரது தொகுதிகள் அடங்கும். மாகாணம் முழுவதையும் பதிவு செய்யும் நோக்குடன் தொடங்கிய இத்திட்டம் ஒரே ஒரு நீண்ட பயணத்துடன் முடிவுற்றது.

இளமை

டிரைப் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை ஒரு அறுவை மருத்துவர். பன்னிரண்டு குழந்தைகளைக் கொண்ட பெரிய குடும்பத்தில் இவர் ஒன்பதாமவர். பதினேழு வயதளவில் கிழக்கிந்திய நிறுவனத்தின் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். இவர் சேர்ந்தது 12ஆம் சென்னை உள்நாட்டுக் காலாட்படைப் பிரிவு ஆகும்.

1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு திரும்பியபோது இவருக்கு ஒளிப்படக் கலையில் ஈடுபாடு உண்டாயிற்று. ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு அப்போது பத்தாண்டுகளுக்குச் சற்று மேலேயே ஆகியிருந்தது. டெவன்போர்ட் துறைமுகத்தையும் கப்பல்களையும் இவர் படமெடுத்துப் பழகினார். 1853இல் இலண்டனில் தோற்றுவிக்கப்பட்ட ஒளிப்படக் கழகத்தில் அவ்வாண்டிலேயே உறுப்பினரானார். 1854இல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

முதற் படங்கள்

1854 டிசம்பரில், சென்னைப் படையின் மருத்துவரான ஆண்ட்ரூ நீல் என்பவருடன் மைசூர் நாட்டிலுள்ள ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று போசளர் காலக் கோயில்களைப் படமெடுத்தார். இப்படங்கள் 1855இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பரிசு பெற்றன.

அக்காலத்தில் கிழக்கிந்திய நிறுவனம் பழங்காலக் கட்டடங்களின் உருவங்களைத் திரட்ட ஓவியர்களைப் பயன்படுத்தி வந்தது. ஓர் ஓவியர் ஒரு மண்டபத்தை வரைய நாட்கணக்கில் ஆகும். சிற்பங்களின் நுணுக்கங்கள் விடுபடவும் கூடும். ஒளிப்படம் விரைவானது, செலவு குறைந்தது, பிழையற்றது என்று கருதிய நிறுவனத்தின் இயக்குநர் அவை, 1855இல் ஓவியத்துக்குப் பதிலாக ஒளிப்படத்தைப் பயன்படுத்துமாறு மாகாணங்களுக்கு அறிவுறுத்தியது. பம்பாய் மாகாணம் தாமஸ் பிக்ஸ் என்ற படை அதிகாரியை இப்பணிக்கு அமர்த்தியது. சென்னை மாகாணத்தில் அவ்வாய்ப்பு டிரைப்பைத் தேடி வந்தது.

பர்மா பயணம்

அதற்கு முன்னரே மற்றொரு பணி வந்தது. 1852இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய–பர்மியப் போரின் பின் பெகு பகுதி பிரித்தானியர் கைக்குச் சென்றது. பர்மிய அரசர் மின்டோனுடன் உறவைச் சீர்செய்யும் நோக்கில் 1855இல் ஆர்தர் பேர் தலைமையில் ஒரு தூதுக்குழு அனுப்பப்பட்டது. ஹென்றி யூல் அதன் செயலாளர். கோல்ஸ்வொர்தி கிராண்ட் ஓவியர். டிரைப் ஒளிப்படக் கலைஞர்.

மழைக்காலத்திலும் உடல்நலக் குறைவிலும் வேலை செய்து, புகான், அமரபுரம் முதலிய இடங்களில் 200க்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை டிரைப் எடுத்தார். அவற்றிலிருந்து 120 படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 50 படிகள் அச்சிடப்பட்டன. அப்போது பர்மாவின் தலைநகராக விளங்கிய அமரபுரத்தை விட்டுச் சில ஆண்டுகளிலேயே அரசர் மாண்டலேயில் புதிய தலைநகரை அமைத்தார். டிரைப் படமெடுத்த மரத்தாலான மடங்கள் பல இன்று இல்லை. அவற்றின் தோற்றத்தை அறிய இப்படங்களே துணைபுரிகின்றன.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞர்

1856இல் டிரைப் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். அழியும் நிலையிலுள்ள கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் அவை மறைவதற்கு முன் பதிவு செய்தல் இப்பணியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகும்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து டிரைப் புறப்பட்டார். வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத காலம் அது. ஒளிப்படக் கருவிகள், வேதிப்பொருட்கள், தாள்கள், கண்ணாடித் தகடுகள் யாவும் மாட்டுவண்டிகளில் ஏற்றப்பட்டன. சேலம் மாவட்டத்தின் மலைக்கோட்டையான இராயக்கோட்டை முதலிய இடங்களைக் கடந்து திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களில் படமெடுத்து, ஏறத்தாழ நான்கரை மாதங்களுக்குப் பின் 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார்.

படங்கள் 1858இல் ஊர்வாரியாகத் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள் வெளிவந்தன. பெரிய அளவுப் படங்களுடன், இரட்டைவில்லைக் கருவியால் எடுக்கப்பட்டு முப்பரிமாணத் தோற்றம் தரும் இணைப்படங்களும் வெளியாயின. தொகுதிகளில் பிறர் எழுதிய விளக்கக் குறிப்புகளும் இடம்பெற்றன.

மதுரையும் திருவரங்கமும்

மதுரைத் தொகுதிகளில் மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், வைகை ஆறு, திருமலை நாயக்கர் அரண்மனை ஆகியவை இடம்பெறுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அரண்மனை, டிரைப் சென்றபோது சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அது சீரமைக்கப்பட்டது. ஆகவே இன்று காணப்படும் அரண்மனைக்கும் அதற்கு முந்தைய நிலைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வோருக்கு இப்படங்கள் முதன்மைச் சான்றாகும்.

திருவரங்கத்தில் தெற்கு இராசகோபுரம் அக்காலத்தில் அடிப்பகுதியுடன் மொட்டையாக நின்றது. 1987இல்தான் அது 236 அடி உயரக் கோபுரமாக முழுமை பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவரங்கத்தை டிரைப்பின் தொகுதியில் காண்பவர், இன்று ஊரின் அடையாளமாகிய அக்கோபுரத்தை நினைவிலிருந்து நீக்கிவிட்டே பார்க்க வேண்டும்.

தஞ்சைக் கல்வெட்டுகள்

டிரைப்பின் படைப்புகளுள் மிகவும் தனித்தன்மை வாய்ந்தது தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளின் தொடர்படம் ஆகும். விமானத்தின் அதிட்டானத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட தமிழ் எழுத்துகளை, கருவியைச் சுவருக்கு எதிரே சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி அமைக்கப்பட்ட இத்தொடர் 19 அடிக்கும் மேல் நீளமுடையது.

ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து கருவி அதே தொலைவில், அதே உயரத்தில் நிற்க வேண்டும். எழுத்துகளின் அளவு மாறக்கூடாது. ஒளியும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். இத்தகைய இணைப்பை இன்று கணினி மென்பொருள் நொடிகளில் செய்துவிடுகிறது. டிரைப் அதனைத் தாள் எதிர்ப்படங்களைக் கொண்டு கையால் செய்தார்.

இக்கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்டு நூலாக வெளிவராத காலம் அது. கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராச சோழன் என்பதும், அவன் அளித்த கொடைகளின் விவரங்களும் ஊல்ட்சு முதலிய கல்வெட்டு அறிஞர்களின் உழைப்பால் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஐயமின்றி நிலைநாட்டப்பட்டன. தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளையும் பின்னர் வருவோர் படிக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே அக்காலத்தில் கல்வெட்டுகள் படமெடுக்கப்பட்டன.

எலியட் சலவைக்கற்கள்

சுற்றுப்பயணத்தின் பின், சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களை டிரைப் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்தமையால் இவை எலியட் சலவைக்கற்கள் எனப்பட்டன. 1859இல் இச்சிற்பங்கள் இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. இன்று அவை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை சென்னையில் இருந்த நிலையை டிரைப்பின் படங்கள் காட்டுகின்றன.

தொழில்நுட்பம்

டிரைப் பெரிய படங்களுக்குத் தாள் எதிர்ப்படங்களையே பெரும்பாலும் பயன்படுத்தினார். அவற்றின் அளவு ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். எதிர்ப்படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் அப்போது இல்லாமையால், அச்சுப்படம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய எதிர்ப்படமும், அதற்கேற்ற பெரிய கருவியும் தேவைப்பட்டன.

அக்காலத்தில் பரவி வந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டைப் பூசிய சில நிமிடங்களிலேயே படமெடுத்து உருத்துலக்கிவிட வேண்டும். வெப்பநாட்டில் தகடு இன்னும் விரைவாக உலர்ந்துவிடும். மெழுகூட்டிய தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். உருத்துலக்குவதையும் சற்றுத் தள்ளிப்போடலாம். தாள் எடை குறைந்தது, உடையாதது. நீண்ட சாலைப் பயணத்துக்கு இதுவே ஏற்றதாயிற்று.

இதற்கு ஈடாக, ஒளிபடும் நேரம் நிமிடக்கணக்கில் நீண்டது. நடமாடும் மனிதர் படத்தில் பதிவதில்லை. கூட்டம் நிறைந்த மதுரையும் திருச்சியும் இவர் படங்களில் ஆளற்ற ஊர்களாகத் தோன்றுவதற்கு இதுவே முக்கியக் காரணமாகும். மேலும், வானம் திட்டுத்திட்டாகப் பதிவதுண்டு. இக்குறையை மறைக்க டிரைப் எதிர்ப்படத்தின் மீது வண்ணம் தீட்டி மேகங்களைத் தாமே வரைந்து சேர்த்தார். மரங்களின் இலைத்தொகுதிகளையும் சில படங்களில் திருத்தினார். எனவே இப்படங்களைச் சான்றாகக் கொள்வோர், கட்டடம் ஒளியால் பதிவானது என்பதையும் வானம் கையால் ஆனதாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அச்சிடும் பணியில் இந்திய உதவியாளர்களும் ஈடுபட்டனர். அவர்களுள் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் நிறுவிய சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற ஐயாசாமி குறிப்பிடத்தக்கவர். தொகுதிகளின் தலைப்பில் டிரைப்பின் பெயர் மட்டுமே உள்ளது.

பணி நிறுத்தம்

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு அரசின் நிதிநிலையைக் கடுமையாகப் பாதித்தது. 1858இல் கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆட்சி முடிவுற்று இந்தியா பிரித்தானிய அரசியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. 1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், அரசு ஒளிப்படத் துறையை அன்றைய நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரமாகக் கருதி அதனை மூட ஆணையிட்டார். 1860இல் பணி முற்றிலும் நின்றது. அதன்பின் டிரைப் மிகச் சில படங்களையே எடுத்தார்.

1858 தொகுதிகள் மேற்கூறிய ஊர்களுடன் நின்றுவிட்டன. அப்பயணப் பாதைக்கு வெளியே இருந்த வடதமிழகத்துக்குத் தொகுதி எதுவும் வரவில்லை. மும்மலைகளை இணைத்து எழுந்த செஞ்சிக் கோட்டைக்கும், அதன் வடக்கே தேசூர் அருகில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சீயமங்கலம் குடைவரைக்கும் மதுரைக்கும் தஞ்சைக்கும் வாய்த்தது போன்ற 1858ஆம் ஆண்டுத் தொகுதி இல்லை. 1861இல் இந்தியத் தொல்லியல் ஆய்வகம் தோன்றியது. ஒளிப்படத்தைக் கொண்டு தென்னிந்தியக் கட்டடக்கலையைப் பதியும் பணியைச் சென்னை அரசு 1860களின் பிற்பகுதியில் எட்மண்ட் லயான் என்பவரைக் கொண்டு மீண்டும் தொடர்ந்தது. முன்பு ஆடம்பரம் எனக் கைவிடப்பட்ட வேலை தேவையானது என்பது இதனால் புலனாகிறது.

பிற்காலம்

டிரைப் தொடர்ந்து படைப்பணியாற்றி, 1870களில் மதிப்புறு மேஜர் ஜெனரல் தகுதியுடன் ஓய்வு பெற்றார். பிறந்த ஊரான டெவன்போர்ட்டில் வாழ்ந்து 1902 மார்ச் 2ஆம் நாள் தமது 79ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

டிரைப்பின் படங்கள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரித்தானிய நூலகம் முதலியவற்றில் பாதுகாக்கப்படுகின்றன. 2014–15இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் இவரது இந்திய, பர்மியப் படங்களின் கண்காட்சி நடைபெற்றது.

இவரது முதன்மையான ஒளிப்படப் பணி பத்தாண்டுகளுக்கும் குறைவானது. தமிழகத்தில் இவர் மேற்கொண்ட பெரும் பயணமோ ஐந்து மாதங்களுக்கும் குறைவானது. ஆயினும், திருப்பணிகளால் மாறிய கோயில்களும் சீரமைக்கப்பட்ட அரண்மனைகளும் அதற்கு முன் எவ்வாறு இருந்தன என்பதை அறிய விரும்பும் மாணவர்களும் ஆய்வாளர்களும் அந்த ஐந்து மாதங்களின் விளைவையே இன்றும் நாடுகின்றனர்.