சொன்னது புரிந்ததா என்று சோதித்த அம்மையார்

கிரேஸ் ஹாப்பர் என்றதும் நம்மில் பலருக்கு அந்துப்பூச்சிக் கதைதான் ஞாபகம் வரும். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்டின் மார்க்-2 கம்ப்யூட்டரில் சிக்கிய பூச்சியை எடுத்து லாக் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்களே, அந்தக் குழுவில் இருந்தவர். ஆனால் நம் மாணவர்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடிய வேலை ஒன்றை அவர் பிற்காலத்தில் செய்தார். அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

அம்மையார் பிறந்தது 1906 டிசம்பர் 9, நியூயார்க்கில். சின்ன வயசிலேயே வீட்டு அலாரம் கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டவர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, வாஸர் கல்லூரியில் பாடம் நடத்தினார். உலகப்போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். எடை போதாது என்றார்கள். விடுவாரா? விலக்கு வாங்கிக்கொண்டு 1943-ல் சேர்ந்தேவிட்டார். அடுத்த ஆண்டே ஹார்வர்ட் மார்க்-1 கம்ப்யூட்டரில் வேலை.

போருக்குப் பிறகு யுனிவாக் கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியில் சேர்ந்தார். ஆங்கில வார்த்தைகளிலேயே கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கலாம் என்று அவர் சொன்னபோது, நடக்கிற காரியமா என்றார்கள். செய்து காட்டினார். அதோடு நிற்காமல் அதே ப்ரோகிராமை பிரெஞ்சு வார்த்தைகளிலும் ஜெர்மன் வார்த்தைகளிலும் எழுதி ஓட்டிக் காட்ட, மேலதிகாரிகள் மிரண்டே போனார்களாம்! எந்த மொழி வார்த்தையானாலும் மெஷினுக்கு அது வெறும் குறிகளின் வரிசை. எந்த வரிசைக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். இந்த வழியில் பிறந்த ஃப்ளோமேட்டிக் மொழிதான் 1959-ல் தொடங்கிய கோபாலுக்கு முக்கிய அடிப்படை. (நம்ம ஊர் கோபால் இல்லை, கம்ப்யூட்டர் மொழி!)

1966 கடைசியில் கடற்படையிலிருந்து ஓய்வு. அடுத்த ஆகஸ்டிலேயே, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதம் 19 வருஷமாக நீண்டது. என்ன பிரச்சினை என்றால், பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோபால். எங்களுடையதுதான் அசல் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஒன்றில் ஓடிய ப்ரோகிராம் இன்னொன்றில் முரண்டு பிடிக்கும்.

அம்மையாரின் குழு கம்பெனிகளோடு வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. சோதனை ப்ரோகிராம்களை எழுதியது, அதுவும் கோபாலிலேயே! அந்த வழியில் வளர்ந்த சோதனைத் தொகுப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு சோதனை மொழியின் ஒரு அம்சத்தைத்தான் தொடும். வரவேண்டிய விடை முன்கூட்டியே உள்ளே எழுதப்பட்டிருக்கும். எந்த அம்சம், எந்தப் பத்தி, பாஸா ஃபெயிலா என்று அச்சாகும். ஃபெயில் என்றால் வந்த விடையும் வந்திருக்க வேண்டிய விடையும் சேர்ந்தே அச்சாகும். அப்புறம் மழுப்ப எங்கே இடம்? குனூகோபால் என்ற இலவச கம்பைலரைச் சோதிக்க அந்தத் தொகுப்பு இன்றைக்கும் பயன்படுகிறது.

ப்ராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்காகத்தான். கமாண்ட் லைனில் ப்ரோகிராம் பெயருக்குப் பக்கத்தில் தட்டும் சொற்களைப் புரிந்துகொள்வதும் இதே சிக்கலின் சின்ன வடிவம்தான். ஃபைலைக் காப்பி செய்யும் ப்ரோகிராம் என்று வையுங்கள். இரண்டு ஃபைல் பெயர் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்று மட்டும் கொடுத்தால்? ஒன்றுமே கொடுக்காவிட்டால்? பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால்? இல்லாத ஆப்ஷனைத் தட்டினால்? இவை ஐந்தையும் ஒரே சோதனையில் திணித்தால், ஃபெயில் ஆகும்போது எது கோளாறு என்று தேடியே பொழுது போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை எழுதுங்கள். எதைச் சோதிக்கிறது என்பது பெயரிலேயே தெரியட்டும். தட்டிய வரியும் வரவேண்டிய விடையும் அருகருகே இருக்கட்டும். விடையை ஓட்டிப் பார்த்து எழுதாதீர்கள். ஓட்டுவதற்கு முன்பே எழுதுங்கள். தப்பான வரிக்குத் தெளிவான பிழைச் செய்தி வருகிறதா என்பதும் ஒரு சோதனைதான்.

1986-ல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்ற அம்மையார், 1992 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பலே இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதும் அவர் பெயருக்கு வந்தது. நீங்கள் விட்டுப்போகும் ப்ரோகிராமை அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் திறந்து பார்ப்பார். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவருக்கு எல்லாம் புரிய வேண்டும். அதற்கு வழிசெய்துவிட்டுப் போங்கள்!