ரேடியோ இல்லாத கப்பலும் ஜட்ஜ் லேர்னட் ஹேண்டும்

நம்ம காலேஜ் மலரில் ஒரு அமெரிக்க ஜட்ஜுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள், நண்பர்களே. இவர் நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப வேண்டியவர்.

லேர்னட் ஹேண்ட் 1872-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். அப்பா, தாத்தா எல்லாருமே வக்கீல்கள். ஹார்வர்டில் தத்துவம் படித்தவர், கடைசியில் வீட்டு வழக்கப்படி சட்டத்துக்கே வந்து சேர்ந்தார். வக்கீல் தொழிலில் பெரிதாக சோபிக்கவில்லை. 1909-ல் ஜனாதிபதி டாஃப்ட் அவரை நியூயார்க்கில் ஃபெடரல் மாவட்ட நீதிபதியாக நியமித்தபோது வயது 37.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. போரை எதிர்த்த 'தி மாஸஸ்' பத்திரிகையைத் தபாலில் ஏற்க மாட்டேன் என்றார் நியூயார்க் போஸ்ட்மாஸ்டர். அரசைத் திட்டுவது வேறு, சட்டத்தை மீறத் தூண்டுவது வேறு என்று சொல்லி, பத்திரிகையைத் தடுக்கக் கூடாது என உத்தரவிட்டார் ஹேண்ட். மேல்கோர்ட் அதை ரத்து செய்தது. அவருக்கு வரவேண்டிய அப்பீல் கோர்ட் பதவியும் 1918-ல் மார்ட்டின் மான்டன் என்பவருக்குப் போய்விட்டது. (அந்த மான்டன் 1939-ல் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றது தனிக்கதை!) ஹேண்ட் அந்தக் கோர்ட்டுக்குப் போக 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். 1928 மார்ச்சில் இரண்டு இழுவைக் கப்பல்கள், நிலக்கரி ஏற்றிய பார்ஜ்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வர்ஜீனியாவிலிருந்து நியூயார்க் நோக்கிப் போயின. நியூஜெர்சி கரைக்கு அப்பால் புயல். இரண்டு பார்ஜ்கள் மூழ்கின. புயல் வருவதை ரேடியோவில் முன்னாடியே சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்ட வேறு சில கப்பல்கள் டெலவேரில் ஒதுங்கித் தப்பித்தன. இந்த இரண்டிலும் வேலை செய்யும் ரேடியோ இல்லை. இந்தத் தொழிலில் ரேடியோ வைக்கும் வழக்கமே இல்லையே என்றார்கள் உரிமையாளர்கள். 1932-ல் ஹேண்ட் அதை ஏற்கவில்லை. ஒரு தொழில் மொத்தமுமே பின்தங்கி இருக்கலாம், அதனால் தப்பு சரியாகிவிடாது என்று தீர்ப்பளித்தார். எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க என்று சைட்டில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு இந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வரும்.

1947-ல் இன்னொரு பார்ஜ் வழக்கு. அந்த பார்ஜின் காவல் ஆள் 21 மணி நேரம் வேலையில் இல்லை. அது கட்டு அவிழ்ந்து போய், மாவு மூட்டையோடு நியூயார்க் துறைமுகத்தில் மூழ்கியது. இதில் ஹேண்ட் ஒரு சமன்பாடே போட்டார்! விபத்து நடக்கும் வாய்ப்பை நஷ்டத்தால் பெருக்குங்கள்; தடுப்புச் செலவு அதைவிடக் குறைவாக இருந்தும் தடுக்கவில்லை என்றால் அது அஜாக்கிரதை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதை நடத்துகிறார்கள். உயிருக்கு என்ன மதிப்பு போடுவது என்பதுதான் அதில் சிக்கல்.

1951-ல் முழுநேரப் பணியிலிருந்து விலகிய பிறகும் வழக்குகளைக் கேட்டார். 1961-ல், 89 வயதில் மறைந்தார். சுப்ரீம் கோர்ட் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் அதே சுப்ரீம் கோர்ட், பேச்சுரிமை பற்றி 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில் வகுத்த விதி, 1917-ல் அவர் சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றது.