பந்தயக் களம் தந்த பாடம்

விளையாட்டுப் போட்டிகளில் ஈடுபட்டவர்கள் பின்னாளில் தொழில்துறையிலும் சிறந்து விளங்குவார்கள் என்னும் கருத்து பரவலாக உண்டு. விடாமுயற்சி, குழு உணர்வு, தோல்வியைத் தாங்கும் மனம் ஆகியவற்றை ஆடுகளம் கற்றுத் தருகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இக்கருத்து எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் அதற்கு ஓர் எல்லை வருகிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஜப்பானியத் தொழிலதிபர் சொய்ச்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கை விடை தருகிறது.

ஷிசுவோகா மாகாணத்தில் ஹமாமாட்சு நகரை அடுத்த கோம்யோ என்னும் சிற்றூரில், 1906 நவம்பர் 17-ஆம் தேதி ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் ஹோண்டா. தந்தை கிஹெய் இரும்புப் பட்டறையோடு மிதிவண்டி பழுதுபார்க்கும் தொழிலையும் நடத்தினார். 1922-இல் பதினைந்து வயதுச் சிறுவனாக டோக்கியோ சென்ற ஹோண்டா, ஆர்ட் ஷோகாய் என்னும் கார் பழுதுபார்க்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த பணி, முதலாளியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது.

முதலாளி யூசோ சகாகிபாரா கார் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டவர். பழைய விமான என்ஜின் ஒன்றைப் பொருத்தி அங்கு ஒரு பந்தயக் கார் உருவாக்கப்பட்டது. 1924 நவம்பரில் நடந்த போட்டியில் அந்தக் கார் முதலிடம் பெற்றபோது, ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக அமர்ந்திருந்தவர் ஹோண்டா. அன்று தொடங்கிய பந்தய ஆர்வம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1928-இல் ஹமாமாட்சுவில் அந்நிறுவனத்தின் கிளையைத் தொடங்கிய பிறகும், தாமே கார்களை வடிவமைத்துப் பந்தயங்களில் ஓட்டினார். 1936 ஜூன் மாதம் டாமாகாவா பந்தயத் தளத்தில் அவரது கார் மற்றொரு காருடன் மோதித் தூக்கி எறியப்பட்டது. அவரும் உடனிருந்த தம்பி பெஞ்சிரோவும் பலத்த காயமடைந்தனர். ஓட்டுநராக அவரது பந்தய வாழ்க்கை அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை.

ஆனால், களம் கற்றுத்தந்த பாடம் முடிந்துவிடவில்லை. பந்தயத்தில் கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. தோற்றவர் சாக்குப்போக்குச் சொல்ல இயலாது. என்ஜினைப் பிரித்துக் காரணத்தைத் தேடுவதே வழி. இந்த மனப்பழக்கத்துடன்தான் அவர் உற்பத்தித் தொழிலில் கால்வைத்தார்.

அடுத்து அவர் இறங்கியது பிஸ்டன் வளையத் தயாரிப்பில். டொயோட்டா நிறுவனத்தின் சோதனைக்கு அளித்த 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. உலோகவியல் அறிவு தமக்குப் போதாது என்பதை உணர்ந்த அவர், முப்பது வயதைக் கடந்த நிலையில், ஹமாமாட்சு தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராக அமர்ந்து படித்தார். போரும் 1945-இல் நேர்ந்த நிலநடுக்கமும் ஆலையைச் சிதைத்தன. நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை டொயோட்டாவிடம் விற்றுவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

போரில் எஞ்சிய சிறு என்ஜின்களை மிதிவண்டிகளில் பொருத்தி விற்றதில் பிறந்த நிறுவனம், 1948 செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் என்னும் பெயரில் பதிவு பெற்றது. அடுத்த ஆண்டு விற்பனையையும் நிதியையும் கவனிக்க தகேயோ ஃபூஜிசாவா வந்து சேர்ந்தார். தொழில்நுட்பம் ஒருவரிடம், நிர்வாகம் மற்றவரிடம் என்னும் இந்தப் பிரிவினை கால் நூற்றாண்டு நீடித்தது.

1954 மார்ச் மாதம் ஹோண்டா ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மேன் தீவில் நடைபெறும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தம் நிறுவனம் பங்கேற்று வெல்லும் என்பதே அது. வெளிநாட்டு இயந்திரங்களைப் பெரும் செலவில் வாங்கியதாலும், விற்பனை சரிந்ததாலும் நிறுவனமே தத்தளித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவ்வாண்டு அந்தப் பந்தயத்தை நேரில் கண்ட ஹோண்டா அதிர்ந்துபோனார். அதே கொள்ளளவு கொண்ட ஜெர்மானிய என்ஜின்கள் தம்முடையவற்றைப்போல ஏறத்தாழ மும்மடங்கு ஆற்றலை வெளிப்படுத்தின.

அவர் அறிவிப்பைத் திரும்பப் பெறவில்லை. ஐரோப்பாவில் உதிரிபாகங்களை வாங்கிக்கொண்டு நாடு திரும்பி ஆய்வைத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1959-இல் முதன்முறையாகப் பங்கேற்ற அவரது அணி, 125 சிசி பிரிவில் 6, 7, 8-ஆம் இடங்களைப் பிடித்து அணிக்கான பரிசைப் பெற்றது. 1961-இல் 125 சிசி, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவின் வசமாயின. 1965-இல் மெக்சிகோ ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் அவரது கார் வென்றது. ஜப்பானியப் பொருள் என்றால் மலிவான நகல் என்று கருதிய உலகச் சந்தையில், அந்நிறுவனத்தின் தரத்துக்கு இவ்வெற்றிகளே சான்றிதழ் ஆயின.

இத்துடன் கதை முடிந்திருந்தால், விளையாட்டு வீரரின் மனவுறுதி தொழிலில் வென்றது என்று எளிதாக எழுதிவிடலாம். ஆனால், அதே மனவுறுதி பிடிவாதமாக மாறிய காலமும் வந்தது.

கார் என்ஜினைக் காற்றாலேயே குளிர்விக்க வேண்டும் என்பதில் ஹோண்டா அசைக்க முடியாத நம்பிக்கை கொண்டிருந்தார். அவ்வாறு உருவாக்கப்பட்ட பந்தயக் கார் இன்னும் களத்துக்குத் தயாராகவில்லை என்று கருதிய அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அதனை ஓட்ட மறுத்தார். 1968 ஜூலையில் பிரான்ஸின் ரூவான் நகரில் மழையில் நடந்த பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டியவர் பிரெஞ்சு வீரர் ஜோ ஷ்லெசர். தொடக்கச் சுற்றுகளிலேயே கார் தடம் விலகித் தீப்பற்றியதில் அவர் உயிரிழந்தார். அவ்வாண்டு இறுதியில் ஹோண்டா நிறுவனம் ஃபார்முலா ஒன் களத்திலிருந்து விலகியது.

அதன் பின்னரும் ஹோண்டா மனம் மாறவில்லை. 1969-இல் வந்த அவரது காரிலும் காற்றால் குளிர்விக்கப்படும் என்ஜினே இருந்தது. வாகனப் புகையைக் கட்டுப்படுத்த நீரால் குளிர்விக்கும் முறையே ஏற்றது என்று இளம் பொறியாளர்கள் வாதிட்டும் பயனில்லை. இறுதியில் அவர்கள் ஃபூஜிசாவாவை நாடினர். நிறுவனத்தில் தலைவராக இருக்க விருப்பமா, பொறியாளராக இருக்க விருப்பமா என்று அவர் ஹோண்டாவிடம் கேட்டார். தலைவராக இருப்பதையே தேர்ந்த ஹோண்டா, இளைஞர்களுக்கு வழிவிட்டார்.

அந்த இளைஞர்கள் உருவாக்கியதுதான் சிவிசிசி என்ஜின். 1970-இல் அமெரிக்கா கொண்டுவந்த தூய காற்றுச் சட்டத்தின் கடுமையான விதிகளை, வினையூக்கி மாற்றி எதுவுமின்றி நிறைவேற்றி உலகை வியக்கவைத்த என்ஜின் அது. அமெரிக்காவின் மூன்று பெரும் கார் நிறுவனங்களை முந்த இது நல்வாய்ப்பு என்று ஹோண்டா மகிழ்ந்தார். பொறியாளர்களோ, தாங்கள் உழைப்பது போட்டியாளரை வெல்வதற்காக அல்ல, சமூகத்துக்குச் செய்ய வேண்டிய கடமைக்காக என்று எடுத்துரைத்தனர். இது அவரை வெகுவாகப் பாதித்தது. தாம் இன்னும் பந்தயக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த தலைமுறை அதைக் கடந்துவிட்டது என்பதை அவர் உணர்ந்தார்.

1973-இல், 66 வயதில், ஃபூஜிசாவாவுடன் சேர்ந்து அவர் பதவி விலகினார். தலைமையை மகனிடம் ஒப்படைக்கவில்லை. பொறுப்பேற்ற கியோஷி கவாஷிமாவுக்கு வயது 45. 1959-இல் மேன் தீவுக்குச் சென்ற முதல் அணியை வழிநடத்தியவர் அவர். அவருக்குப் பின் தலைவரான தடாஷி குமே, நொபுஹிகோ கவாமோட்டோ ஆகியோரும் பந்தய என்ஜின்களை உருவாக்கிப் பயிற்சி பெற்றவர்களே. பந்தயம் ஹோண்டாவுக்கு விளம்பரமாக மட்டும் இருக்கவில்லை. நிர்வாகிகளை உருவாக்கும் பள்ளியாகவும் இருந்தது.

1991 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, தமது 84-ஆவது வயதில் அவர் மறைந்தார். பெரிய அளவில் இறுதிச் சடங்கு நடத்தினால் சாலையில் நெரிசல் ஏற்பட்டு மக்களுக்கு இடையூறாகும், வாகனம் செய்பவர் அதற்குக் காரணமாகக் கூடாது என்பது அவர் விட்டுச்சென்ற விருப்பம்.

போட்டி மனப்பான்மை ஒரு நிறுவனத்தை எழுப்பும். ஆனால், எதிராளியை மட்டுமே பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பாதையோரத்தில் நிற்கும் மனிதர்கள் தெரிவதில்லை. ஹோண்டாவிடமும் அக்குறை இருந்தது. தோல்வியின் தீர்ப்பை ஏற்கக் களத்தில் பழகியவர், தம்மைவிட இளையவர்களின் தீர்ப்பையும் ஏற்றார். களத்தில் இறங்கத் துணிந்தவர்கள் பலர் உண்டு. உரிய நேரத்தில் விலகி நிற்கத் தெரிந்தவர்கள் சிலரே. பந்தயம் கற்றுத்தரும் பாடங்களில் கடினமானது இதுதான்.