ரஹீம் சாப்
நம்ம கல்லூரி டீமில் பந்து உதைத்த நாளிலிருந்தே எனக்கு ஹீரோ, ஹைதராபாத் ரஹீம் சாப்தான். சையது அப்துல் ரஹீம், 1909இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1951 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம், இரண்டும் அவர் பயிற்சியில்தான்.

ஆனால் 1962 ஜகார்த்தாவைத்தான் சொல்லணும். உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை உட்கார வைக்காமல் ஃபார்வர்டாக இறக்கினார். என்ன துணிச்சல்! இறுதியாட்டத்தில் ஜர்னைலும் கோல் போட, தென்கொரியா 2-1 என்று தோற்றது. 1963 ஜூனில் சாப் மறைந்தார். அந்தத் தங்கம் அப்புறம் நமக்குக் கிடைக்கவே இல்லை.

ஆட்டக்காரர்கள் பெயரை ஒப்பிக்கும் ரசிகர்களில் பலருக்குக் கோச்சைத் தெரிய 2024இல் 'மைதான்' படம் வர வேண்டியிருந்தது. இப்போ பசங்க அவரைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள்; சொல்லி மாளவில்லை.