கூப்பர் திறந்துவைத்த கதவு

துப்பாக்கிச் சுடுதல் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். விளையாட்டாளர் அசையாமல் நிற்கிறார். ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கி, 10 மீட்டர் தொலைவில் உள்ள சிறிய வட்டத்தைக் குறிபார்க்கிறார். ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது அதைத்தான். சிங்கப்பூரில் சில பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக இருப்பதும் அந்த வகைதான்.

இதற்கு நேர்மாறான போட்டி ஒன்றும் உண்டு. அதில் விளையாட்டாளர் ஓடுவார், குனிவார், தடுப்புச் சுவரின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சுடுவார். நகர்ந்துகொண்டே காலியான மேகசினைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகுவார். எத்தனை இலக்குகள், எந்த வரிசை, எங்கே நிற்பது என்பதெல்லாம் களத்துக்குக் களம் மாறும். இதை நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் என்கிறார்கள். 1999இல் பிலிப்பீன்சின் செபுவிலும் 2008இல் பாலியிலும் 2022இல் பட்டாயாவிலும் இதன் உலகப் போட்டிகள் நடந்துள்ளன. நமக்கு அப்படியொன்றும் தொலைவில் உள்ள விளையாட்டு அன்று.

பல்கலைக்கழகத்தில் நான் புள்ளியியல் படிக்கிறேன். துப்பாக்கியைக் கையில் தொட்டதுகூட இல்லை. என்னை ஈர்த்தது இந்த விளையாட்டின் மதிப்பெண் முறை. அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் இதைத் தொடங்கிவைத்த ஜெஃப் கூப்பரின் கதை எனக்குத் தெரியவந்தது. துப்பாக்கியில் ஆர்வம் இல்லாதவருக்கும், அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

ஜான் டீன் கூப்பர் என்ற ஜெஃப் கூப்பர் 1920ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயின்ற அவர், 1941 செப்டம்பரில் அமெரிக்க மரீன் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். மூன்றே மாதத்தில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. ‘பென்சில்வேனியா’ என்ற போர்க்கப்பலில் பசிபிக் போரைக் கண்டார். கொரியப் போரின்போது மீண்டும் பணிக்குத் திரும்பி, லெஃப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தார். படையை விட்டு வந்தபின் வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றார். உயர்நிலைப்பள்ளியிலும் சமூகக் கல்லூரியிலும் பகுதிநேர வரலாற்று ஆசிரியராக இருந்தார். துப்பாக்கி இதழ்களில் ஓயாமல் எழுதினார். அவருக்குள் ஒரு வீரர் இருந்த அளவுக்கு ஓர் ஆசிரியரும் இருந்தார்.

அந்த ஆசிரியரை ஒரு கேள்வி உறுத்தியது. ஆபத்து நேரத்தில் கைத்துப்பாக்கியை ஒருவர் உண்மையில் எவ்வளவு திறமையாகப் பயன்படுத்த முடியும்? அதை எப்படிச் சோதிப்பது? அன்றைய குறிசுடும் போட்டிகளில் நேரம் தாராளமாக இருந்தது, இலக்கும் அசையாது நின்றது. மறுபக்கம், ஹாலிவுட் கௌபாய் படங்களின் தாக்கத்தால், உறையிலிருந்து மின்னல் வேகத்தில் துப்பாக்கியை உருவும் போட்டிகள் பரவியிருந்தன. ஒன்றில் துல்லியம் மட்டும், மற்றொன்றில் வேகம் மட்டும். இரண்டையும் ஒருசேர அளக்க எவரும் முயலவில்லை என்று கூப்பர் கருதினார்.

கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரி அருகே வசித்த அவர், 1950களின் பிற்பகுதியில் அங்கேயே போட்டிகளை நடத்தத் தொடங்கினார். அவருடைய ஏற்பாட்டில் முக்கியமான அம்சம் ஒன்று இருந்தது. எப்படி நிற்க வேண்டும், எந்தக் கையால் பிடிக்க வேண்டும், எந்தத் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. யாருடைய முறை சிறந்தது என்பதை வாக்குவாதம் தீர்மானிக்க வேண்டாம், போட்டியின் முடிவே தீர்மானிக்கட்டும் என்பது அவரது எண்ணம்.

கதவைத் திறந்துவைத்ததன் பலன் விரைவில் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரக் காவல் அதிகாரி ஜாக் வீவர் இந்தப் போட்டிகளில் கலந்துகொண்டார். மற்றவர்கள் இடுப்பு உயரத்தில் ஒரு கையால் துப்பாக்கியைப் பிடித்து, குறிபார்க்காமலேயே வேகமாகச் சுட்டார்கள். பல தோட்டாக்கள் இலக்கைத் தவறவிட்டன. வீவரோ துப்பாக்கியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, இரண்டு கைகளாலும் பிடித்து, குறிபார்த்துச் சுட்டார். கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுத்தது, ஆனால் குறி தப்பவில்லை. 1959இல் அவரே வென்றார். மற்றவர்களும் மெல்ல மெல்ல அவர் வழிக்கு வந்தார்கள். கூப்பர் அந்த நிலைக்கு வீவர் பெயரையே சூட்டி, தம் எழுத்தின் மூலம் உலகெங்கும் பரப்பினார். திரைப்படங்களில் காவலர்கள் இரு கைகளாலும் துப்பாக்கியைப் பிடிப்பதைப் பார்க்கும்போது, அந்த மலையோரப் போட்டிகள் இப்போது என் நினைவுக்கு வருகின்றன.

1975இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. கூப்பரின் பழைய போட்டித் தோழர்களில் ஒருவரான ரே சாப்மன் வாகை சூடினார். அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கொலம்பியா, மிசூரியில் பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 40 பேர் கூடி, ஐபிஎஸ்சி எனப்படும் அனைத்துலக நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், வேகம் என்ற மூன்றும் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அதே 1976இல் அரிசோனாவின் பால்டன் என்ற ஊரில் அவர் தம் பயிற்சிப் பள்ளியையும் திறந்தார்.

இந்த மூன்றையும் எப்படி அளக்கிறார்கள்? இன்றைய ஐபிஎஸ்சி விதிப்படி, இலக்கு அட்டையின் நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி. விலகிப் போகப் போகப் புள்ளி குறையும். மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்கிறார்கள். ஒருவர் 10 வினாடியில் 60 புள்ளி எடுத்தால் அவரது ஈவு 6. இன்னொருவர் 8 வினாடியில் 54 புள்ளி எடுத்தால் ஈவு 6.75. ஆக, சில புள்ளிகளை இழந்த இரண்டாமவரே முன்னால் நிற்பார். ஆனால், அவசரத்தில் ஒரு குண்டு இலக்கைத் தவறவிட்டால் 10 புள்ளி கழிக்கப்படும். துல்லியமும் வேகமும் இவ்வாறு ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன.

ஆற்றலுக்குத் தனிக் கணக்கு. தோட்டாவின் எடையை கிரெயின் அளவிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். கூப்பருக்குப் பிடித்த .45 அங்குலத் தோட்டாவின் எடை 230 கிரெயின். வேகம் 830 அடி என்றால் விடை ஏறத்தாழ 191. ஆற்றல் குறைந்த தோட்டாவுக்குப் பின்னுதைப்பு குறைவு, அதனால் வேகமாகச் சுடலாம். அதற்கு ஈடாக, அட்டையின் ஓரங்களில் பட்டால் அதற்குக் குறைந்த புள்ளியே கிடைக்கும். கணக்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால், கணக்கு இருக்கும் இடத்தில் அதை வெல்ல வழி தேடுவோரும் இருப்பார்கள் அல்லவா?

தொடக்கத்தில் எல்லாரும் விரும்பிய துப்பாக்கி, ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கி. போர்க்களத்துச் சேற்றிலும் இயங்க வேண்டும் என்பதால் அதன் பாகங்கள் கொஞ்சம் தளர்வாகவே பொருத்தப்பட்டிருந்தன. குறிகாட்டிகளும் மிகச் சிறியவை. கைவினைஞர்கள் அதைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கையால் தேய்த்து இறுக்கமாகப் பொருத்தி, விசையை மென்மையாக்கிக் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இருந்த ஆர்மண்ட் ஸ்வென்சன், இடக்கையாலும் இயக்கக்கூடிய பாதுகாப்பு விசையைப் பொருத்தியதற்குப் பெயர் பெற்றவர். இந்த அளவு மாற்றம் கூப்பருக்கும் உடன்பாடுதான். கண்ணுக்குத் தெரியும் குறிகாட்டி, சீரான விசை, கையைக் கிழிக்காத மழுங்கிய விளிம்புகள் ஆகியவை இருந்தால் போதும் என்பது அவர் கருத்து.

1980களில் புதிய தலைமுறை வந்தது. ராப் லேதம், பிரையன் ஈனோஸ் போன்ற இளம் வீரர்கள் துப்பாக்கிக் குழலின் முனையில் கம்பன்சேட்டர் என்ற பாகத்தைப் பொருத்தினார்கள். வெடிமருந்தின் வாயு அதன் துளைகள் வழியாக மேல்நோக்கிப் பீறிடும். அந்த விசை, மேலே எழப் பார்க்கும் குழலைக் கீழ்நோக்கி அழுத்தும். துப்பாக்கி துள்ளாததால் அடுத்த குண்டை உடனே சுடலாம். பருமனான .45ஐ விட்டு, வாயு அதிகம் தரும் .38 சூப்பர் தோட்டாவுக்குப் பலர் மாறினார்கள். அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் அகலமான மேகசின்கள் வந்தன. 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில், சிவப்புப் புள்ளி தெரியும் மின்னணுக் குறிகாட்டியுடன் டக் கேனிக் வென்றார். வீவர் நிலையும் தப்பவில்லை. இரு கைகளையும் நேராக நீட்டிப் பிடிக்கும் முறையே வேகமானது என்று புதிய வெற்றியாளர்கள் காட்டிவிட்டார்கள்.

பந்தயக் கார் போல, போட்டிக்கென்றே உருவாக்கப்பட்ட இந்தத் துப்பாக்கிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் அன்றாட வேலைக்குப் போக முடியாது. விசைக் காப்பு வளையத்தை மட்டும் பற்றிக்கொண்டிருக்கும் சிறப்பு உறை அவற்றுக்குத் தேவை. பெயரில் இருந்த ‘நடைமுறை’ போய்விட்டது, வெறும் விளையாட்டுதான் எஞ்சியது என்று கூப்பர் வெளிப்படையாகவே வருந்தினார். தம் பள்ளியில் .45 துப்பாக்கியையும் வீவர் நிலையையும் அவர் கைவிடவில்லை.

பொருளியலர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பெயரால் ஒரு விதி உண்டு. ஓர் அளவீட்டையே நாம் இலக்காக ஆக்கிக்கொண்டால், அது நல்ல அளவீடாக இருப்பதை இழந்துவிடும் என்பது அதன் சாரம். அந்த விதிக்கு மூலமான கட்டுரையை அவர் எழுதியது 1975இல், அதாவது சூரிக் போட்டி நடந்த அதே ஆண்டில். நமக்கு இது புதிதல்ல. தேர்வு அறிவை அளக்க வந்தது. நாமோ தேர்வுத்தாளின் போக்கை அறிந்து, அதற்கென்றே துணைப்பாட வகுப்புக்குப் போகிறோம். நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் நீக்கப்பட்டதற்கும் இத்தகைய கவலையே பின்னணி.

அப்படியென்றால் கூப்பர் தோற்றுவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. கம்பன்சேட்டர் நுழைந்த கதவு, வீவர் நுழைந்த அதே கதவுதான். எவரும் எந்த முறையிலும் முயலலாம் என்று அவர் சொல்லியிராவிட்டால், இரு கைப் பிடியும் வந்திருக்காது. தமக்குப் பிடித்த மாற்றம் வந்தவுடன் கதவைச் சாத்த நினைப்பது மனித இயல்பு. கூப்பரின் மனமும் அதை விரும்பியிருக்கலாம். ஆனால், விளையாட்டு அதற்குள் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

பின்வந்தவர்கள் கண்ட தீர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. யாரையும் வெளியேற்றாமல் ஐபிஎஸ்சி துப்பாக்கிகளைப் பிரிவுகளாக வகுத்தது. எல்லா மாற்றங்களையும் அனுமதிக்கும் திறந்த பிரிவு ஒருபுறம். கடையில் கிடைப்பது போன்ற சாதாரணத் துப்பாக்கிக்கான பிரிவு மறுபுறம். ஒரே அளவுகோல்தான், ஆனால் ஒப்பிடத் தக்கவற்றை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். இன்னும் சுவையான செய்தி, சாதாரணத் துப்பாக்கிகளுக்கென்றே 1996இல் ஐடிபிஏ என்ற தனி அமைப்பைத் தொடங்கியவர்களில் பில் வில்சனும் ஒருவர் என்பது. போட்டித் துப்பாக்கிகளையும் கம்பன்சேட்டர்களையும் செய்து பெயர் வாங்கியவர் அவர்!

ஒன்றில் மட்டும் கதவு திறக்கவே இல்லை. அதுதான் பாதுகாப்பு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பக்கூடாது. குறிபார்க்கும் வரை விரல் விசையில் படக்கூடாது. இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதிசெய்த பின்பே சுட வேண்டும். கூப்பர் வகுத்துத் தந்த இந்த நான்கு விதிகளை உலகெங்கும் பயிற்றுவிக்கிறார்கள். போட்டியில் துப்பாக்கியைக் கீழே போட்டாலும், விசையில் விரலுடன் நகர்ந்தாலும், உலக வெற்றியாளரே ஆனாலும் உடனடித் தகுதிநீக்கம்தான். ஐபிஎஸ்சி பிறகு தலை வடிவம் இல்லாத எண்கோண அட்டையையும் இலக்காகக் கொண்டுவந்தது.

கூப்பரின் எல்லாக் கருத்துகளையும் என்னால் ஏற்க முடியாது. ஆயுதக் கட்டுப்பாட்டைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அரசியல் பற்றியும் பிற மக்களைப் பற்றியும் அவர் எழுதியவற்றில் சில முகம் சுளிக்க வைப்பவை. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்குக் கடும் தண்டனை தரும் நாட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சட்டம் தரும் நிம்மதியை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால், ஒருவருடைய கருத்துகளை மறுத்துக்கொண்டே அவர் செய்த வேலையிலிருந்து கற்றுக்கொள்ளவும் முடியும்.

2006 செப்டம்பர் 25ஆம் தேதி, 86 வயதில், பால்டனில் அவர் காலமானார். அவர் பள்ளி இன்றும் நடக்கிறது. அவர் விரும்பாத துப்பாக்கிகளுடன் அவருடைய விளையாட்டும் நடக்கிறது.

உங்களில் சிலர் நாளை ஒரு மன்றத்தையோ, போட்டியையோ, நிறுவனத்தையோ தொடங்கலாம். அதில் எதைப் பிறர் மாற்றலாம், எதை எவரும் மாற்றக்கூடாது என்பதை முதல் நாளிலேயே யோசித்து வையுங்கள். இரண்டாவது பட்டியல் கூப்பரின் நான்கு விதிகளைப் போலச் சிறியதாக இருந்தால் போதும்.